அழாத குழந்தைக்கும் வலிக்கும்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆச்சி, பேரனைத் தோளில் சாய்த்தபடி எங்கள் தடுப்பூசி அறையில் நின்றிருந்தார். ஒன்றரை மாதக் குழந்தை. எட்டாம் மாதத்திலேயே பிறந்து, எங்கள் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று வாரம் இருந்து வீடு திரும்பியவன். தொடையில் ஊசி இறங்கியபோது அவனுடைய நெற்றி சுருங்கியது. கண்கள் இறுக மூடின. கைவிரல்கள் அகல விரிந்து, பிறகு துவண்டு விழுந்தன. சத்தம் மட்டும் எழவில்லை. ஆச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா டாக்டரம்மா, பிள்ள அழவே இல்ல. அதுக்கு வலிக்கவே இல்ல போலுக்கு" என்றார்.

அவரைத் திருத்துவதற்கு முன் நான் சற்றுத் தயங்கினேன். அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். அதுவும் எழுத்தில் செய்திருக்கிறேன். பட்டமேற்படிப்பு மாணவியாக ஒரு பெரிய மருத்துவமனையில் பணியாற்றிய காலம் அது. 29 வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் இருக்குமோ என்ற ஐயத்தில் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டியிருந்தது. செவிலியர் குழந்தையை வளைத்துப் பிடித்தார். நான் ஊசியைச் செலுத்தினேன். குழந்தை அழவில்லை, துள்ளவில்லை. அசையாமல் கிடந்தது. "செயல்முறையைக் குழந்தை நன்கு தாங்கிக்கொண்டது" என்று நோயாளிக் குறிப்பில் எழுதிவிட்டு வெளியே வந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த தாய் கேட்டது ஒரே கேள்விதான்: "அழுதாளா?" "இல்லையம்மா" என்று நான் மகிழ்ச்சியோடு பதில் சொன்னேன். அந்தக் குழந்தை அழாததற்குக் காரணம், அழுவதற்கான வலு அதனிடம் இல்லாததுதான். அன்று மானிட்டரில் அதன் இதயத்துடிப்பு ஏறியதையும் ஆக்சிஜன் அளவு இறங்கியதையும் நான் பார்த்தேன். பார்த்தும் அதை வலி என்று படிக்கத் தெரியவில்லை.

மருத்துவ உலகமே நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. பிறந்த குழந்தையின் நரம்புகள் முழுமையாக முதிரவில்லை, அவற்றின் மேலுறை இன்னும் வளரவில்லை, ஆகவே அதற்கு வலி எட்டாது என்றே மருத்துவர்கள் நம்பினர். 1980-களின் நடுப்பகுதி வரையிலும், மேலைநாட்டுப் பெரிய மருத்துவமனைகளில்கூட, குறைமாதக் குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சை செய்யும்போது அசையாதிருப்பதற்கான தசைத் தளர்வு மருந்தைக் கொடுத்துவிட்டு, வலி மறக்கும் மருந்தைப் பெரும்பாலும் மிகக் குறைவாகவோ, கொடுக்காமலோ விட்டனர். அது கொடுமையால் நடந்ததன்று. இவ்வளவு சிறிய உடல் மயக்க மருந்தைத் தாங்காது என்ற அச்சமே அதற்குப் பெருங்காரணம்.

இந்த நம்பிக்கையை உடைத்தவர்களுள் முதன்மையானவர் நம் நாட்டவர் என்பதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. கே. ஜே. எஸ். ஆனந்த், இந்தூர் மருத்துவக் கல்லூரியில் படித்து, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்ற இளம் மருத்துவர். அறுவை அரங்கிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பும் குறைமாதக் குழந்தைகள், போனபோது இருந்ததைவிட மிக மோசமான நிலையில் வருவது அவர் கண்ணில் பட்டது. அவரும் அவருடைய குழுவினரும் இதயத்தருகே உள்ள இரத்தக்குழாயை மூடும் அறுவை சிகிச்சைக்கு வந்த 16 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்தனர். 8 குழந்தைகளுக்கு வழக்கமான மயக்க முறை. 8 குழந்தைகளுக்கு அதனோடு ஃபென்டனில் என்னும் வலுவான வலி நீக்கி. வலி நீக்கி பெறாத குழந்தைகளின் இரத்தத்தில் அதிர்ச்சிக்கால ஹார்மோன்கள் பெருமளவு உயர்ந்தன. அறுவைக்குப் பின் சிக்கல்களும் அவர்களிடமே மிகுதி. 1987-இல் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது. வலியைத் தணிப்பது இரக்கச் செயல் மட்டுமன்று, உயிரைக் காக்கும் சிகிச்சை என்று அன்று தெளிந்தது. வளர்ந்தவர்களிடத்திலும் வலியைச் சுமப்பவை மேலுறை இல்லாத, அல்லது மெல்லிய மேலுறை கொண்ட நரம்பு இழைகளே என்பதைச் சுட்டிக்காட்டி, பழைய வாதத்துக்கும் அதே ஆண்டில் அவர் விடை கொடுத்தார்.

பிறகு வந்த ஆய்வுகளுள் இரண்டைச் சொல்கிறேன். 1997-இல் கனடாவின் டொராண்டோவில், பிறந்தவுடன் வலி மருந்தின்றிச் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், நான்கு அல்லது ஆறு மாதத்தில் தடுப்பூசி போடும்போது மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக அழுததைக் கண்டனர். குழந்தைக்கு நினைவிராது என்கிறோம், உடல் மறக்கவில்லை. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டில், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தைகளின் பாதத்தில் மெல்லத் தீண்டியபோது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தனர். வளர்ந்தவர்களுக்கு வலியின்போது இயங்கும் 20 மூளைப்பகுதிகளில் 18 அந்தக் குழந்தைகளிடமும் இயங்கின.

முகத்தைப் படியுங்கள்

குழந்தையின் வலியை அளக்க எங்களிடம் மதிப்பெண் அட்டவணைகள் உள்ளன. முகம், அழுகை, மூச்சு, கைகால்கள், விழிப்பு நிலை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டுவோம். செவிலியர் கட்டிலருகே நின்று குழந்தையையே உற்றுப் பார்த்துக்கொண்டு ஏதோ குறிப்பது அதற்காகத்தான். ஆனால் நாள் முழுவதும் அந்த முகத்தைப் பார்ப்பவர் நீங்கள். எனவே எதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது எங்கள் அட்டவணையைவிடப் பயன் தரும்.

முகமே முதன்மையான சான்று. புருவங்களுக்கு நடுவே தசை புடைத்து எழும். கண்கள் இறுக மூடும். மூக்கின் ஓரத்திலிருந்து வாயோரம் வரை ஒரு மடிப்பு ஆழமாக விழும். வாய் சதுரமாகத் திறந்து நாக்கு விறைக்கும். இந்நான்கும் ஒருசேர வந்தால் அது பெரும்பாலும் வலியே. பசிக்கு அழும் குழந்தை வாயைத் திருப்பித் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், தூக்கினால் ஒரு நொடி நிறுத்திப் பார்க்கும். வலியால் அழும் குழந்தை எதையும் தேடாது. அழுகை திடீரென்று, உச்சத்தில் தொடங்கும். நடுவே மூச்சு பிடித்துக்கொண்டு ஓசையற்ற ஓர் இடைவெளி வரும். தாய்மார் பலருக்கு இந்த வேறுபாடு சொல்லிக்கொடுக்காமலே தெரியும். தெரிந்தும், "டாக்டர் என்ன நினைப்பாரோ" என்று சொல்லாமல் இருந்துவிடுகின்றனர். சொல்லுங்கள்.

குறைமாதக் குழந்தைகளிடமும் மிகவும் நோயுற்ற குழந்தைகளிடமும் இந்த அடையாளங்கள் மங்கிவிடும். ஆச்சியின் பேரனிடம் நாம் கண்டது அதுதான்: ஒரு கணச் சுளிப்பு, விரிந்த விரல்கள், பின் துவளல். சில குழந்தைகளின் நிறம் வெளுக்கும் அல்லது கருக்கும். சில மூச்சை நிறுத்திவிடும். பல நாள் பல ஊசி கண்ட குழந்தை, தொடுமுன்பே காலை இழுத்துக்கொள்வதும் உண்டு. இரத்தம் எடுத்தபின் நெடுநேரம் அயர்ந்து தூங்கும் குழந்தை நிம்மதியாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம், களைத்துப் போயிருக்கலாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு குழந்தை எத்தனை முறை வலி காண்கிறது என்று பாரிஸ் நகர மருத்துவமனைகளில் 430 குழந்தைகளிடம் எண்ணிப் பார்த்தனர். ஆய்வு 2008-இல் வெளியானது. முதல் இரண்டு வாரங்களில் நாளொன்றுக்குச் சராசரியாகப் 10 வலிதரும் செயல்கள். குதிகாலில் குத்துதல், சளி உறிஞ்சுதல், மூக்குவழிக் குழாய் செருகுதல், பிளாஸ்டரைப் பிய்த்தல் எல்லாம் இதில் அடங்கும். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வலி தணிக்கும் ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. அக்கறையில்லாத ஊர் என்று பாரிஸை யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே முதல் சிகிச்சை, தேவையற்ற குத்தலைத் தவிர்ப்பதே. காலையில் ஒரே முறை எடுத்த இரத்தத்தில் எல்லாப் பரிசோதனைகளையும் முடிக்க இயலுமா என்று நாங்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம். "இந்தப் பரிசோதனை இன்று அவசியமா?" என்று நீங்கள் கேட்டால் எங்களுக்கு வருத்தமில்லை. இன்னொன்று: குதிகாலில் குத்தாமல் புறங்கை நரம்பில் இரத்தம் எடுத்தால் சில தந்தையர் பதறுகின்றனர். நிறைமாதக் குழந்தைக்குக் குதிகாலைப் பிழிவதைவிட, கைதேர்ந்த செவிலியர் நரம்பில் எடுப்பதே வலி குறைந்தது.

வெளியே அனுப்பப்பட்ட மருந்து

முன்பெல்லாம் ஊசி போடும் முன் நாங்கள் சொல்லும் முதல் வாக்கியம், "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்பது. குழந்தைக்கு மிகச் சிறந்த வலி தணிப்பானை நாங்களே கதவுக்கு வெளியே நிறுத்தினோம் என்று இப்போது தோன்றுகிறது.

தாயின் மார்பில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே இரத்தம் எடுத்தாலோ, ஊசி போட்டாலோ, குழந்தை அழும் நேரமும் இதயத்துடிப்பின் ஏற்றமும் குறைகின்றன. இது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதிப்பட்டது. ஊசிக்குச் சில நிமிடம் முன்பே பால் குடிக்கத் தொடங்கி, குழந்தை நன்றாகக் கவ்வி உறிஞ்சத் தொடங்கியபின் ஊசி; ஊசிக்குப் பிறகும் சில நிமிடம் விடாமல் குடிக்கட்டும். புரையேறிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். ஆய்வுகளில் அப்படி நேரவில்லை. பாலையும் வலியையும் சேர்த்து நினைத்துக்கொண்டு பாலையே வெறுத்துவிடும் என்பதும் வீண் அச்சமே.

குழந்தையால் உறிஞ்ச முடியாவிட்டால் தோலோடு தோல் அணைப்பு. டயாப்பர் மட்டும் அணிந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் நேராகக் கிடத்தி, மேலே துணியால் போர்த்துவது. இதைக் கங்காரு பராமரிப்பு என்கிறோம். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1970-களின் இறுதியில், கருவிகள் போதாத மருத்துவமனையொன்றில் குறைமாதக் குழந்தைகளைக் காப்பதற்காகத் தொடங்கிய முறை. பின்னாளில்தான் வலிக்கும் இது மருந்து என்று தெரியவந்தது. ஊசிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே தொடங்கினால் நல்லது. தாய்தான் வேண்டும் என்பதில்லை. முக்கூடலிலிருந்து வந்த ஓர் இளம் தந்தை, மனைவி அறுவைப் பிரசவத்துக்குப் பின் எழ முடியாமல் கிடந்தபோது, சட்டைப் பொத்தான்களைக் கழற்றவே முதல் நாள் கூச்சப்பட்டார். மூன்றாம் நாள், குதிகால் குத்தலுக்கு நேரமாகிறதே என்று அவரே செவிலியரைத் தேடி வந்தார்.

இரண்டும் இயலாதபோது, கைகளால் ஒரு கூடு கட்டுங்கள். ஒரு கை தலையை மெல்லக் கவிய, மறு கை குழந்தையின் கைகால்களை நெஞ்சருகே மடித்துப் பிடிக்க வேண்டும். கருப்பையில் இருந்த வடிவம் அதுதான். இறுக்கக் கூடாது, தடவவும் கூடாது. அசையாத, வெதுவெதுப்பான கை போதும். பழைய பருத்திச் சேலைத் துணியில் சுற்றுவதும் இதே வேலையைச் செய்யும். குரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆராரோ பாட வெட்கமாக இருந்தால் பேசுங்கள். அந்தக் குரலைக் குழந்தை வயிற்றிலிருந்தே கேட்டு வந்திருக்கிறது.

நாங்கள் சில வேளை குழந்தையின் நாவில் சர்க்கரைக் கரைசலோ 25 விழுக்காடு குளுக்கோஸோ சில துளிகள், மிகுந்தால் 1 மி.லி., விடுவோம். குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன் கொடுத்தால் முகச் சுளிப்பும் அழுகையும் குறையும். இதைப் பார்த்த ஒரு பாட்டி, "நாங்க சேனை தொட்டு வைக்கதத்தான வேண்டாங்கிய, இப்ப நீங்களே வைக்கியளே?" என்று என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. அது செயல்முறை நேரத்துக்கு மட்டும், சுத்தமாக அடைக்கப்பட்ட குப்பியிலிருந்து, அளந்து கொடுக்கும் மருந்து. பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் வைப்பது வேறு. அது சீம்பாலைத் தள்ளிப்போடும், கிருமியைக் கொண்டுவரும். தேனில் கொடிய நச்சுக்கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதால் ஓராண்டு முடியும்வரை தேனே ஆகாது. வீட்டில் குழந்தை அழும்போதெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதும் கூடாது. சர்க்கரையையே முழுதாக நம்புவதும் சரியன்று. 2010-இல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், சர்க்கரைக் கரைசல் முகத்தின் சுளிப்பைக் குறைத்ததே தவிர, மூளையில் பதிந்த வலியலையைக் குறைக்கவில்லை. தாயின் அணைப்பு கிடைக்கும்போது சர்க்கரையை நான் துணைக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

பெரிய வலிகளுக்கு இவை போதா. அறுவை சிகிச்சைக்கும், மார்பில் குழாய் செருகுவதற்கும், அவசரமற்ற நிலையில் மூச்சுக்குழாய் இடுவதற்கும் மார்ஃபின், ஃபென்டனில் போன்ற மருந்துகள் தேவை. "பச்சைப் பிள்ளைக்கு மார்ஃபினா, பழகிப்போய்விடாதா?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. எடைக்கேற்ற அளவில், மூச்சைக் கண்காணித்தபடி கொடுக்கிறோம். பல நாள் கொடுக்க நேர்ந்தால் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கிறோம். பெரியவர்கள் போதைக்கு அடிமையாவது போன்றதன்று அது.

புதன்கிழமைக்கு முன்

தடுப்பூசி நாளில் உங்கள் பங்கே பெரிது. 6, 10, 14-ஆம் வாரங்களில் குழந்தை பல ஊசிகளைக் காண்கிறது. 6, 14-ஆம் வாரங்களில் இரு தொடையிலும் கையிலும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரையில் கேட்பவை எளியவை: பெற்றோர் உடனிருக்கட்டும்; குழந்தையைப் படுக்கவைத்து அமுக்காமல் மடியில் அணைத்து வைத்திருக்கட்டும்; ஊசியின்போதோ, அதற்குச் சற்று முன்போ பால் குடிக்கட்டும்; பல ஊசிகள் இருந்தால் அதிக வலி தருவது கடைசியில் வரட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கூட்டமாக இருந்தாலும், "சிஸ்டர், பால் கொடுத்துட்டு இருக்கும்போதே போடுறீங்களா?" என்று கேட்க அரை நிமிடம் போதும். முன்புறம் திறக்கும் உடையை அணிந்து வாருங்கள்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம்; சூடான ஒத்தடமும் வேண்டாம். பாராசிட்டமாலை முன்கூட்டியே கொடுக்க வேண்டியதில்லை. காய்ச்சலோ வலியோ வந்தால், எடைக்கேற்ப எழுதித் தந்த அளவில் கொடுக்கலாம். ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. சொட்டு மருந்துப் புட்டியில் 1 மி.லி.க்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 அல்லது 250. சொட்டு மருந்தைச் சிரப்பின் அளவில் ஊற்றினால் ஆபத்து. புட்டியின் மேலுள்ள எழுத்தைக் கடைக்காரரிடமே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் ஓயாது அழும் குழந்தைக்கு "உரம் விழுந்திருக்கு" என்று சொல்லிச் சேலையில் போட்டு உருட்டும் வழக்கம் ஆற்றங்கரை ஊர்களில் இன்னும் உண்டு. தலை நிலைக்காத குழந்தையை அப்படிக் குலுக்கினால் மூளைக்குள் இரத்தக்கசிவு நேரலாம். அதைவிட, ஆடையை முழுதும் கழற்றி உச்சி முதல் பாதம் வரை பாருங்கள். கால்விரலைச் சுற்றித் தாயின் தலைமுடி ஒன்று இறுகி, விரல் சிவந்து வீங்கியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தொடையிடுக்கில் கெட்டியான வீக்கம் இருக்கிறதா? ஒரு கையையோ காலையோ மட்டும் அசைக்காமல் வைத்து, தொட்டால் வீரிடுகிறதா? விட்டு விட்டு, முழங்காலை வயிற்றோடு மடக்கி அலறி, இடையில் வெளுத்து ஓய்ந்து கிடக்கிறதா? பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல் என இவற்றில் எது இருந்தாலும் இரவென்று பாராமல் வாருங்கள். அம்பாசமுத்திரத்திலிருந்தோ ஏரலிலிருந்தோ 108 வண்டியில் வருவதற்கு விடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆச்சியின் பேரனுக்கு இதற்கு முன் ஒரு கண் பரிசோதனை நடந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பிறந்து 30 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். தவறினால் பார்வையே போகக்கூடும். இமையை விலக்கிப் பார்ப்பதால் அது குழந்தைக்குக் கடினமான சோதனை. வாந்தி எடுக்காதிருக்க, பாலை ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடச் சொல்வோம். மரத்துப்போகும் சொட்டு மருந்தைக் கண்ணில் விடுவோம், நாவில் குளுக்கோஸ் இடுவோம், துணியில் சுற்றுவோம். அன்று அவனுடைய தாய் வெளியேதான் நின்றிருந்தார். நாங்கள் அழைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மறு பரிசோதனை வரும் வாரம். உள்ளே வரலாமா என்று ஆச்சியிடம் சொல்லி அனுப்பிக் கேட்டிருக்கிறார். குழந்தையின் தலைமாட்டில் கண் மருத்துவருக்கு இடம் வேண்டும். கால்மாட்டில் தாய்க்கு ஒரு முக்காலி போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.